நாலு

பன்னிரண்டாம் கட்டில். மர்ழியா, கிண்ணியா.
இடுப்பெலும்புவரை வந்துவிட்டது.
பூச்சியத்திலிருந்து பத்துக்குள்
எவ்வளவு நோ என்று கேட்டேன்.
மேலே விசிறியைப் பார்த்தாள்.
பக்கத்தில், எண்ணெயில் வெந்து வந்த சிறுமியைப் பார்த்தாள்.
"நாலு, மிஸ்."

நாலுக்கு இரண்டு பனடோல்.
ஏழுக்கு மேலென்றால்தான் மோர்பீன் மாத்திரை,
டொக்டர் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்.

சுவரில் சுற்றறிக்கை.
பிளாஸ்டரும் செலவென்று
யாரோ சோற்றுப் பசையால் ஒட்டியது.
கட்டு ஒன்றுக்குக் கையுறை ஒரு சோடி,
சேலைன் போத்தல் கையெழுத்திட்டே எடுக்கவும்,
பஞ்சை அளந்து வெட்டவும்.
எனக்கு அதில் கோபமில்லை.
உப்புவெளியிலிருந்து பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணி
குறைகிற நாளில் ஒரு தரிப்பிடம் முன்னமே
இறங்கி நடக்கிறவள் நான்.
எண்ணத் தெரியும்.

முந்தாநாள் இரவு ஆண்கள் வாட்டும் என் பொறுப்பு.
மீனுக்கு வெடி போட்டுக்
கையை மணிக்கட்டோடு விட்டுவந்த பெடியனுக்கு
ஐந்து மில்லிகிராம் ஊசி.
குப்பியில் இருந்ததோ பதினைந்து.
மீதிப் பத்தைத் தொட்டியில் ஊற்றினேன்.
நில்மினி பார்த்துச் சாட்சிக் கையெழுத்து வைத்தாள்.
சட்டப்படி எல்லாம் சரி.
குழாய் எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாது.
உட்துறைமுகத்துக்கென்றால்
அவன் வெடி போட்ட மீன்களுக்காவது
கொஞ்சம் ஆறியிருக்கும்.

நாலு என்று எழுதப் பேனையை எடுத்தேன்.
போர்வைக்கு வெளியே அவளுடைய கால்கள்.
விரல்கள் உள்ளுக்கு மடங்கி
விரிப்பைக் கவ்விப் பிடித்திருந்தன.
எண்ணிப் பார்த்தேன்.
பத்து.

"உம்மையாச் சொல்லுங்க."
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, சுவருக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல:
"மருந்து முடியப்போவுதாம் எண்டு
கூட்டுற பிள்ளை சொல்லிச்சி.
நான் கெடந்துக்குவன், மிஸ்.
அந்தப் புள்ளைக்கி வெச்சிக்கங்க.
ராவு முழுக்க அழுதுச்சி."

சுற்றறிக்கை எழுதியவருக்கு
இவளைவிடச் சிக்கனமான ஆள்
மாகாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் மர்ழியா, உங்கள் கணக்குப் பிழை.
ஆறு மணி மாத்திரையை ஆறுக்கே விழுங்கினால்
மாத்திரையோடு போகும்.
எட்டுவரை பல்லைக் கடித்தால்
ஊசி, சிரிஞ்சு, நித்திரையில் கிடக்கும் டொக்டர்.
நோவென்று புரளாமல் கிடந்தால்
முதுகில் புண்,
புண்ணுக்கு மூன்று கிழமை கட்டுத்துணி,
அதற்குக் கையுறை சோடி சோடியாய்.
காத்திருக்க வைத்த வலி
வட்டியோடுதான் வரும்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்தேன்,
அதற்குக் கையெழுத்துத் தேவையில்லை.
இடப்பக்கம் மெல்லத் திருப்பினேன்.
அட்டையில் எழுதினேன்:
நோயாளி சொன்னது நாலு.
நான் கண்டது எட்டு.
அட்டையில் ஒரு பெட்டிதான் இருக்கிறது,
இரண்டாவதை ஓரத்தில் இடுக்கி எழுதினேன்.
டொக்டருக்குப் போன் அடித்து வாசித்துக் காட்டினேன்.
"கண்டதற்குக் குடுங்க" என்றார்.

மாத்திரையை உள்ளங்கையில் வைத்தபோது
அதை அவள் பார்த்த பார்வை,
கடைக்காரன் தவறிக் கூடக் கொடுத்த மிச்சக் காசைப்
பார்ப்பதுபோல.

மூன்றரைக்குப் போய்ப் பார்த்தேன்.
கால்விரல்கள் விரிந்திருந்தன.
சிறுமியும் தூங்கினாள்,
அவளுக்குரியதை அவளுக்கும் நேரத்துக்குக் கொடுத்திருந்தேன்.
கடற்பக்க யன்னலால் உப்புக்காற்று வந்து
சுற்றறிக்கையின் ஒரு மூலையைக் கிளப்பியிருந்தது.
அமத்தி விடவில்லை.

விடிய, பதிவேட்டில் மாத்திரைக் கணக்கு:
நேற்று இருபத்தாறு, இன்று இருபத்தைந்து.
திரும்பினால் மர்ழியா விழித்திருக்கிறாள்.
நான் கேட்க வேண்டிய கேள்வியை
அவள் கேட்கிறாள்.
"எவ்வளவு கொறைஞ்சிருக்கு, மிஸ்?"

மருந்தா, நோவா?
"ஒண்டே ஒண்டு" என்றேன்.
அலுமாரித் திறப்பு
என் சட்டைப்பையில் கிடந்தது.