நீவாடு நின்ற நேரம்

கசபு துறைமுகத்தில் என் பெயர் மீட்டர்க்காரன்.
வைத்தவன் படகோட்டி ஹுமைத்.
மரிய ததேயுஸ் அவன் வாய்க்கு நீளம்.

நாற்பது மீட்டர் ஆழத்தில்
மஞ்சள் உருளை ஒன்றைக் கிடத்தியிருக்கிறோம்.
ஹோர்முஸ் தொண்டைக்குள்
தண்ணீர் எந்த வேகத்தில் போகிறது, வருகிறது என்று
பத்து நிமிடத்துக்கொரு தரம் குறித்துக்கொள்ளும்.
பதினைந்து நாளைக்கொரு தரம்
நான் போய் அதை வாசித்து வருவேன்.

தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள்.
ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம்.
இங்கே ஒருவன் கடலுக்கு நாடி பார்ப்பது
அவற்றுக்குத் தெரியாது.
தெரிந்தால் மட்டும் என்ன,
என் சம்பளமே அவற்றின் வயிற்றில்தான் போகிறது.

சொல்ல விட்டுப்போயிற்று:
எங்கள் படகு ஓடுவது டீசலில்.
போய்வர எண்பது லிட்டர்.

குளச்சலில் நீரோட்டத்தை நீவாடு என்போம்.
உங்கள் பாஷையில் என்ன என்று ஹுமைத்திடம் கேட்டேன்.
"எதற்குக் கேட்கிறாய்?
மீனுக்குப் போகிறவனுக்கு ஒரு பெயர்,
ராத்திரி சிகரெட் பெட்டி ஏற்றுகிறவனுக்கு வேறு பெயர்.
உன் மெஷினுக்கு இன்னும் வைக்கவில்லை."

மார்ச்சில் மஸ்கட்டிலிருந்து கடிதம்.
தேசிய எரிசக்திக் கொள்கை, மூன்றாம் வரைவு.
அதிகாரிகள் நேரில் பார்க்க வருகிறார்கள்,
செவ்வாய், காலை பத்தரை.
பதில் எழுதினேன்:
ஏழுக்கு வாருங்கள், அல்லது ஒன்றுக்குப் பிறகு.
பத்தரை மணிக்குக் கடலில் ஒன்றும் இருக்காது.
மறுபதில் வந்தது:
பத்தரை உறுதி செய்யப்பட்டது.

வந்தார்கள்.
கொள்கைப் பிரிவின் பத்ரியா,
ஆலோசகர் இருவர்,
விலைச்சீட்டு உரியாத உயிர்காப்புச் சட்டைகள்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
0.1
0.0
0.0
மலைமுகட்டில் சோதனைக்கு நட்ட காற்றாலை
மூன்று கையையும் விரித்து
எனக்கென்ன தெரியும் என்று நின்றது.
ஷமால் அன்றைக்கு இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆலோசகர் ஒருவர்
பூஜ்ஜியத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.
மற்றவர் கைக்கடிகாரத்தை மூடித் திறந்தார்.
படகின் ஓரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில்,
காலி, மூடியுடன்,
எங்களோடு அதுவும் கூட்டத்துக்கு வந்ததுபோல்
ஓரிடத்திலேயே மிதந்தது.

ஹுமைத் சுலைமானித் தேநீர் ஊற்றினான்.
பத்ரியா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டார்:
எப்போது திரும்பும்?

பதினொன்று பன்னிரண்டு.

ஏறத்தாழவா?

இல்லை அம்மா.
அடுத்த ரமலான் முதல் நாள் கேளுங்கள், சொல்வேன்.
உங்கள் வரைவு முடிகிற நாற்பதாம் ஆண்டு,
அதன் கடைசி மாலை கேளுங்கள், அதையும் சொல்வேன்.
காற்று எனக்கு வாக்குக் கொடுத்ததில்லை.
எண்ணெய் விலை உங்களுக்குக் கொடுத்திருக்கிறதா?
இது நிற்கும். நாளைக்கு நாலு தரம் நிற்கும்.
நிற்கிற நேரத்தையும் முன்பே சொல்லிவிட்டுத்தான் நிற்கும்.

இவ்வளவு பேசியிருக்கக் கூடாது.
ஹுமைத் என்னைப் பார்க்காமல்
கயிற்றைச் சுருட்டினான்.

பதினொன்று பத்துக்கு ஒன்றுமில்லை.
பன்னிரண்டுக்கும் ஒன்றுமில்லை.
என் காதுமடல் சுட்டது.
பதினான்குக்கு
அந்த பாட்டில் கழுத்தைத் திருப்பியது.
பிறகு, அவசரமில்லாமல்,
கூட்டத்தை விட்டு முதலில் எழுந்து போகிறவன்போல்
வளைகுடாவின் உட்பக்கமாகப் போயிற்று.

இரண்டு நிமிடப் பிழை, என்றார் பத்ரியா.
சிரித்தாரா என்று தெரியவில்லை, கருப்புக் கண்ணாடி.

செப்டம்பரில் கொள்கை அச்சாகி வந்தது.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எழுபத்தொன்றில் எங்கள் தண்ணீருக்கு
ஒன்றரை வரி.
'நம்பகமற்றது' என்றிருந்த இடத்தில்
'முன்கூட்டிக் கணிக்கத்தக்கது' என்று மாற்றியிருந்தது.
பக்கத்துக் கட்டத்தில், நிதி ஒதுக்கீடு:
ஒரு சிறு கோடு.

எத்தனை ரியால் என்று கேட்டான் ஹுமைத்.
கோட்டைக் காட்டினேன்.
குனிந்து நெடுநேரம் பார்த்தான்.
"இது எத்தனை மணிக்குத் திரும்பும், மீட்டர்க்காரா?"

அதற்கு என்னிடம் அட்டவணை இல்லை.
பதினைந்து நாளாகியிருந்தது.
எண்பது லிட்டர் போட்டுக்கொண்டு
கிளம்பினோம்.