அறுபது விழுக்காடு

முனிர்க்காவில் நாலாவது மாடி.
எனக்கு மேலே தகரம்.
தகரத்துக்கு மேலே மே மாதம்.

தவணை கட்டி முடித்த மடிக்கணினி
இரவு பன்னிரண்டுக்குப் பிறகு
யாருக்கோ கணக்குப் போடுகிறது.
ஏதோ ஒரு புரதம் எந்தப் பக்கம் மடியும் என்று
எங்கோ ஓர் ஆய்வுக்கூடம்
லட்சம் துண்டாய் உடைத்த கேள்வியில்
ஒரு துண்டு எனக்கு.
கெடு ஆறு நாள். கூலி இல்லை.

முதல் வாரம் நூறு விழுக்காடு கொடுத்தேன்,
முதன்முதல் தீமிதிக்கு நேர்ந்துகொண்டவள் போல.
தொண்ணூற்றாறு டிகிரி காட்டியது.
அப்புறம் ஒரு சொல் சொல்லாமல் அணைந்தது.
அடியில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தேன்.
தோசைக்கல்லுக்குப் போல
தண்ணீர் தெளித்துப் பார்க்கத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை
பதினொரு திருகாணிகளைக் கழற்றி
சாப்பிட்ட தட்டில் வரிசையாக வைத்தேன்.
விசிறி இதழ்களுக்கு நடுவே
ராஜஸ்தான் அனுப்பிய புழுதி,
ஜனவரிக் கம்பளியின் நூல்,
என் தலைமுடி.
டைபாய்டில் கொட்டியதாக இருக்கும்;
நீளம் அந்த வருஷத்து நீளம்.
பழைய பிரஷ்ஷால் சுரண்டினேன்.
தனியாக ஒரு சின்ன மெத்தையாகவே
பெயர்ந்து வந்தது.

சாம்பல் நிறப் பசை நேரு பிளேஸில் வாங்கியது.
கடலைப்பருப்பு அளவு, அதற்கு மேல் வேண்டாம் தீதி
என்று விரல் நுனியைக் காட்டினான் கடைப்பையன்.
அந்த அளவே வைத்தேன்.

கட்டில் மேல் இனிக் கிடையாது.
நாலு சோடா மூடிகளில் ஏற்றி நிறுத்தினேன்,
காற்று குனிந்து போய் வர.
கூலர் முன்னால் வைக்கவில்லை.
அந்தக் காற்றில் தண்ணீர் இருக்கிறது;
குளிர்ந்து சாவதும் சாவுதான்.
நாலு கோரில் இரண்டுக்கு விடுப்பு.
மீதி இரண்டுக்கு
அறுபது விழுக்காடு, அவ்வளவுதான்.

எழுபத்தொன்று.
விசிறி அலறுவதை விட்டு
மூச்சுவிட ஆரம்பித்தது.

ஓக்லா கிடங்கில் மேலாளர்
கூட்டந்தோறும் நூற்றுப்பத்து கேட்பார்.
தலையை ஆட்டிக்கொண்டே
அன்றைக்கு அணைந்த திரையை நினைத்துக்கொள்வேன்.

மாதக் கடைசியில் சத்பீர் தோக்கஸ் ஏறி வந்தார்.
யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்;
மீட்டர் எண் அவர் உள்ளங்கையில்.
ராத்திரி முழுக்க என்ன ஓடுகிறது?
சொன்னேன்.
என் இந்தியில் புரதம்
பாதி வழியில் பருப்பாகிவிட்டது.
யார் காசு தருகிறார்கள்?
யாருமில்லை.
உங்கள் வாசலில் மூன்று மண்பானை இருக்கிறதே,
குடித்துவிட்டுப் போகிறவன் பேரைக் கேட்டீர்களா என்றேன்.
பானை மீட்டரைச் சுற்றாது மகளே என்றார்.
அதுவும் சரி.
எழுபத்தாறு ரூபாய் கூடுதலாக எண்ணி வைத்தேன்.
வாங்கி மடித்துக்கொண்டவர்
போகிற போக்கில்
ஜன்னல் சாக்கை இழுத்துவிட்டார்,
வெயில் மேஜையில் படாதபடி.

நேற்று விடியற்காலை என் துண்டு முடிந்தது.
அனுப்பினேன்.
இதே துண்டை இன்னொரு கணினிக்கும்
கொடுத்திருக்கிறார்களாம்.
இரண்டு விடையும் ஒன்றானால்தான்
விடை என்று எழுதிக்கொள்வார்கள்.
மற்றவர் இன்னும் அனுப்பவில்லை.
பேர் தெரியாது, ஊர் தெரியாது.
அங்கேயும் கரண்ட் போயிருக்கலாம்.
அங்கேயும் ஒரு வெயில்,
அங்கேயும் விசிறியில் யாருடைய முடியோ.

அவசரம் இல்லை.
கெடு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.
கழற்றிப் பார்ப்பதென்றால்
விளிம்பு உயர்ந்த தட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.
என் பதினொன்றில் ஒன்றை
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.