வாளித் தண்ணீர்

பட்டை உரித்து முடித்ததும் தக்கை மரத்தில்
வெள்ளைச் சாயத்தால் ஓர் எண் எழுதுவோம்,
உரித்த ஆண்டின் கடைசி இலக்கம்.
ஒன்பது ஆண்டு கழித்துத்தான் மீண்டும் கோடாரி படும்.
அதனால் ஒவ்வொரு முறையும் எண் ஒன்று குறையும்.
ஆறு. ஐந்து. நான்கு.

ஃபெலிஸ்மினா அம்மையாரின் பரிசுக்கும் அதே கணக்கு.
ஏன் ஆண்டுதோறும் இல்லை என்று
லிஸ்பன் நிருபர்கள் கேட்பார்கள்.
"பட்டை வளர வேண்டாமா?" என்பார்.

நான் கணக்கன், அதெலினோ.
தேஜோ ஆற்றின் தென்கரையில்,
தக்கை வேகும் புளித்த வாடையில்
ஐம்பத்து நான்கு வருடம் பேரேடு எழுதியவன்.
அவரை வள்ளல் என்கிறார்கள்.
அந்தச் சொல் என் ஏட்டில்
வரவிலும் உட்காரவில்லை, செலவிலும் உட்காரவில்லை.

முப்பத்தெட்டில் 'சாந்தா ஒவாயா' மூழ்கியது,
கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்.
நாற்பத்து மூன்று பேர்.
எல்லோரும் மிதவைக் கச்சை கட்டியிருந்தார்கள்,
முடிச்சுக்கூடச் சரியாக.
பத்தொன்பது வயது அவருக்கு.
கடற்கரைக்குப் போர்வைகள் சுமந்து போனார்.
மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன.

பதின்மூன்று ஆண்டு கழித்துத் தகப்பனார் இறந்தார்.
இரும்புப் பெட்டி திறந்தது. பேரேட்டில் ஒரு வரி:
கச்சை இருநூறு. உள்ளே கூட்டிய தூள், கோரை.
மிச்சம் பதினோராயிரம் எஸ்குடோ.
கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.
கப்பலா கவிழ்ந்துவிட்டது என்று
கேட்க வாயெடுத்து, கேட்காமல் நின்றேன்.
கவிழ்ந்துதான் இருந்தது.

"யார் கையெழுத்து?"
என்னுடையது. பதினேழு வயதில்,
சொன்னதை எழுதினேன்.
தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
"இனியும் நீங்களே எழுதுங்கள். எல்லாவற்றையும்" என்றார்.
மன்னிப்பா தண்டனையா,
இன்றுவரை பிரித்தெழுத வரவில்லை.

பாதித் தோப்பு விலைபோனது.
மணம் பேசியிருந்தவர் மீதிப் பாதியை எண்ணிப் பார்த்து
வராமலே இருந்துவிட்டார்.
ஐம்பத்தாறில் முதல் பரிசு:
எந்த நாட்டவரானாலும்,
தன் உயிர் பாராமல் பிற உயிர் காத்தவர்க்கு.
பணமுடிப்போடு உள்ளங்கை அகலத் தக்கை.
பின்புறம் நாற்பத்து மூன்று கீறல்.
கீறல் எதற்கு என்றார் பேராயர்.
சபை நடுவே சொன்னார், தகப்பன் பெயர் சொல்லி.
அந்தக் குளிர்காலம் முழுக்க
எங்கள் தக்கையை வாங்க ஆளில்லை.

எண்பத்து மூன்றில்
மொசாம்பிக்கிலிருந்து சுல்மீரா நியாம்பே வந்தாள்.
உப்புத் தோணியில் ஆறு நாள்,
கூரைமேல் ஏறி நின்றவர்களை இறக்கிக்கொண்டே இருந்தவள்.
மேடையில் தக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
தண்ணீர் கேட்டாள்.
தாகம் என்று வெள்ளிக் குவளையில் கொண்டுவந்தார்கள்.
"வாளியில்" என்றாள்.

பெருக்குகிறவளின் தகர வாளிதான் கிடைத்தது.
குந்தி உட்கார்ந்து
இரண்டு கையாலும் பரிசை அடிவரை அழுத்தினாள்.
பிடித்தே இருந்தாள்.
யாரோ இருமினார்.
விட்டாள்.
துள்ளி வந்தது,
அமைச்சரின் காலணியை நனைத்துக்கொண்டு.
"சரி. வாங்கிக்கொள்கிறேன்."

எல்லோரும் எழுந்து கைதட்ட,
அறுபத்து நான்கு வயது அம்மையார் மட்டும்
முன்வரிசையில் உட்கார்ந்தே இருந்தார்.
ஊருக்கு வரும் படகில் ஒரே ஒரு வார்த்தை:
"வாளி வாங்குங்கள்."
வாங்கினேன். விலை நூற்றெண்பது எஸ்குடோ. எழுதிவைத்தேன்.

தொண்ணூற்று இரண்டைப் பார்க்க அவர் இல்லை.
மரத்தில் 'இரண்டு' எழுதிவிட்டு வந்து
வாளியை நிரப்பினேன்.
நாற்பத்து மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்,
அவர் வைத்துப்போன விதி.
முழங்கை நனைய எண்ணினேன்.
முப்பதுக்கு மேல் என் கையில் வலுவில்லை.
தக்கைக்கு இருந்தது.