கலந்துகொண்டோர்

ஆறு சமாதானக் கூட்டம் நடந்துவிட்டது
திருவாடானை தாலுகா ஆபீசில்.
ஆறுக்கும் டீ வாங்கி வந்தவள் நான்.
ஜெசிந்தா, ஆறாவது வார்டு உறுப்பினர்.
தட்டோடு உள்ளே போய்
தட்டோடு வெளியே வந்தவள்.

முதல் கூட்டத்தில்
யார் முந்தி மன்னிப்புக் கேட்பது என்று பேசினார்கள்.
மூன்றாவதில்
யார் நாற்காலி எந்தப் பக்கம் என்று.
ஐந்தாவதில் எரிந்த வல்லத்துக்கு விலை வந்தது.
முருகபூபதியின் நான்கு விரலுக்கு
விலை சொல்ல வாய் எழாமல்
அவரவர் செல்போனைப் பார்த்தார்கள்.

பனைக்குடாவுக்கும் சிங்கிவலசைக்கும் நடுவே
ஒரு உப்போடை. கணுக்கால் ஆழம்.
ஏழு மாதமாக ஆம்பிளை யாரும் தாண்டவில்லை,
போலீஸ் ஜீப்பைத் தவிர.

நாங்கள் தினமும் தாண்டினோம்
இருட்டில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
தொண்டி ரோட்டில் நண்டு கம்பெனி.
ஒரே ஸ்டீல் மேசை.
இந்தப் பக்கம் பனைக்குடா பன்னிரண்டு பேர்
எதிர்ப்பக்கம் சிங்கிவலசை பதினொன்று.
முதல் வாரம் ஓடு உடையும் சத்தம் மட்டும்தான்.
இரண்டாவது வாரம்
முத்திருளாயிக்கு ஐஸ் தீர்ந்துபோனது.
எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெட்டி நகர்ந்து வந்தது.
தள்ளியவள் சவேரியம்மாள்.
இவள் மகனுக்குத்தான் விரல் போனது.
அவள் மகன்தான் ஜாமீனில் இருக்கிறான்.
இருவரும் தலை நிமிரவில்லை.
நாங்கள் இருபத்தியோரு பேரும்
நண்டுக் காலைப் பிடித்தபடி
உடைக்க மறந்திருந்தோம்.

அதற்குப் பிறகுதான் பேச்சு.
வாடை பிறந்தால் கரையை ஒட்டி யார் வலை,
இழுவைமடி எத்தனை பாகத்துக்கு வெளியே,
சினை நண்டு எந்த ஊர் வலையில் ஏறினாலும்
கடலுக்கே திரும்ப வேண்டும்,
ஸ்டேஷனுக்கு முதலில் யார் போவது,
முருகபூபதிக்கு மாதம் எவ்வளவு, எத்தனை வருசம்.
சண்டையும் வந்தது. இரண்டு நாள்
நானே சோற்றுப்பொட்டியைத் தூக்கிக்கொண்டு
வெளியே போய் உட்கார்ந்தேன்.
எடை போடுகிற மைமூன்
எல்லாவற்றையும் எடைச்சீட்டின் முதுகில் எழுதினாள்.
எழுதும்போது கை துடைக்கவில்லை.

ஏழாவது கூட்டம்.
கவிச்சி வாடையோடு
இருபத்துமூன்று பேரும் உள்ளே போனோம்.
தாசில்தார் எங்கள் தலைகளுக்கு மேலே பார்த்தார்.
"ஆம்பளைங்க யாராச்சும் பேசுங்கம்மா."
"அவங்க ஆறு தடவ பேசிட்டாங்க சார்"
என்றாள் சவேரியம்மாள்.
வாசலிலிருந்து ஒரு குரல்,
"ஏய், வீட்டுக்கு வா."
அது என் வீட்டுக்காரர்.
நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்
போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

எடைச்சீட்டை அவர் இரண்டு தடவை படித்தார்.
எழுத்தர் கணவர் பெயர் கேட்டார் ஒவ்வொருத்தியிடமும்.
சவேரியம்மாள் ஊர்ப்பெயரைச் சொன்னாள்.
முத்திருளாயி முறை வந்தது.
"நான் மன்னிக்கல.
மன்னிக்கலன்னே எழுதிக்கிடுங்க.
மன்னிக்காமத்தான் கையெழுத்துப் போடுறேன்.
அடுத்த பயலுக்கு விரல் இருக்கணும்ல."
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
எழுத்தர் ஓரத்தில் எழுதினார், சின்ன எழுத்தாக,
தாளைச் சாய்த்து வைத்துக்கொண்டு.

மேலே அச்சடித்திருந்தது:
கலந்துகொண்ட ஊர்ப் பெரியவர்கள்.
அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு
கடைசி இரண்டு சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார்.
அழுத்தி இழுத்தார் போல,
அடுத்த தாளிலும் மை ஊறியிருந்தது.

டீ வரவில்லை அன்றைக்கு.
தாசில்தார் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் விடியலில் வாடை எழும்பி
ஓடை பெருகிக் கிடந்தது.
இந்தக் கரையில் முத்திருளாயி
சேலையைத் தூக்கிச் செருகி நின்றாள்.
அந்தக் கரையில் டார்ச் வெளிச்சம்.
ஒரு வார்த்தை இல்லை.
சவேரியம்மாள் தண்ணீருக்குள் இறங்கினாள்,
நடுவில் நின்றாள்,
ஆழம் இவ்வளவுதான் என்று
முழங்காலில் கையை வைத்துக் காட்டினாள்.

முத்திருளாயி செருப்பைக் கழற்றினாள்.