கீழ்வீட்டுக்காரர்

உழைத்துத் தேய்ந்தவர் உண்டு.
அக்மாரல் மிதந்து தேய்ந்தாள்.

ஆறு மாதம் சுற்றுப்பாதையில்
பாரமே காணாத இடுப்பெலும்பு
இனி நான் எதற்கு என்று
தன்னைக் கரைத்துச்
சிறுநீரில் அனுப்பியது.
சிறுநீரைக் குடிநீராக்கும் எந்திரம்
ஒருநாள் அடைத்துக்கொண்டது.
வடிகட்டியில் வெள்ளைச் செதில்.
நகத்தால் சுரண்டியபடி கேட்டாள்:
யாருடைய தொடை இது?
மூவரும் சிரித்தார்கள்,
சற்றுத் தாமதமாக.

இப்போது கராகண்டி, நான்காம் மாடி.
விடியலில் நூறு முறை குதிக்கவேண்டும்,
மருத்துவர் ராவ்ஷானின் உத்தரவு.
சுண்ணாம்பு மட்டுமென்றால் சாக்பீஸாய் ஒடியும்,
நார் மட்டுமென்றால் ஈரக்கயிறாய்த் துவளும்;
உள்ளே ராப்பகலாய்
ஒரு கூட்டம் இடிக்கிறது
ஒரு கூட்டம் பூசுகிறது.
பூசுகிறவர்களுக்கு
அதிர்வுதான் கூலி.

தொம். தொம்.
கீழ்வீட்டு போலத்பெக்
துடைப்பக்கட்டையால் கூரையைக் குத்துகிறார்.
இரவெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்தில் நின்றுவிட்டு
இப்போதுதான் படுத்த மனிதர்.

மன்னிப்புக் கேட்க இறங்கினாள்,
கைப்பிடியை விடாமல்
பதினெட்டுப் படி.
கதவைத் திறந்தவர்
குச்சிபோல் நின்றவளை
ஏற இறங்கப் பார்த்தார்.
"நீயா? இத்தனை கனமா நீ?"

அதையும் சுமந்துகொண்டு
மேலே ஏறினாள்.