பென்சிலால் எழுதவும்

கேசட்டில் எண்ணைப் பென்சிலால்தான் எழுத வேண்டும்.
பேனா மை சைலீனில் கரைந்துவிடும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
நான் கரைத்தது மூன்று பேரை.
மறுபடி ஊசி குத்திக்கொள்ள இரண்டு பேர் வந்தார்கள்.

இன்று 1147.
தேசப்பன், 52, ஆண்.
வலது நுரையீரல், மேல் மடல்,
ஃபார்மலினில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு.
முகவரிக் கட்டத்தில் எண்ணூர் என்று மட்டும்.
குடிப்பழக்கம்: இல்லை.
இல்லாதவரை இரவு முழுக்க ஆல்கஹாலில் போட்டு வைத்தேன்,
எழுபது, தொண்ணூறு, நூறு என்று ஏற்றி.
உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் வெளியேறிய இடத்தில்
காலையில் மெழுகு போய் உட்கார்ந்தது.

எங்கள் லேப் தண்டையார்பேட்டையில்
டயர் கடைக்கு மேல் மாடி.
கண்டெய்னர் லாரி போனால் மைக்ரோடோம் அதிரும்.
நாலு மைக்ரான் என்பது
அதிர்ச்சி தாங்காத கணக்கு.
ஹார்பர் வரிசை நகர்ந்து முடியும்வரை
கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பேன்,
ரயில்வே கேட்டில் நிற்கிற மாதிரி.

நுரையீரல் சாதாரணமாகப் பஞ்சு மாதிரி வெட்டும்.
இது நரநரவென்றது.
சோற்றில் கல் கடிபடுகிற சத்தம்.
பிளேடை மாற்றினேன்.
அடுத்ததும் சுருண்டு நொறுங்கியது.

"ஊதும்மா," என்றாள் மெகராஜ் அக்கா,
சாயத் தொட்டியைவிட்டுத் தலை தூக்காமல்.

மெழுகு இறுகிப்போனால் அதுதான் வழி.
முகக்கவசத்தை இறக்கி
குனிந்து, வாயைத் திறந்து
ஹா என்று
தேசப்பனின் நுரையீரல்மேல் என் மூச்சை விட்டேன்.
ஒரு நொடி பனி பூத்தது.
உடனே சுற்றினேன்.
நாடா நாடாவாக இறங்கியது.

வெந்நீரில் மிதந்த துண்டில் ஒரு மடிப்பு.
தூரிகை நுனியால் நீவிவிட்டேன்,
யூனிஃபார்ம் காலரை நீவிவிடுவதுபோல்.

ஹெமடாக்சிலின் முதலில் செம்பழுப்பாகத்தான் ஏறும்.
நீலமாக உப்பு வேண்டும், காரம் வேண்டும்.
அடையாறு லேப்பில் அதற்குத் தனியாக மருந்து வாங்குகிறார்கள்.
இங்கே குழாயைத் திறந்தால் போதும்.
சோறு வேகாத, சோப்பு நுரைக்காத
எங்கள் போர் தண்ணீரில்
இரண்டே நிமிடத்தில்
ஒவ்வொரு அணுவின் உட்கருவும் நீலமாகும்.
திட்டித் தீர்த்த தண்ணீர்.

நோயைப் படிப்பது டாக்டர் வேலை.
சாயம் பிடித்ததா என்று மட்டும்
நான் பார்க்கலாம்.
பார்த்தேன்.
இளஞ்சிவப்பு, நீலம்.
இரண்டையும் நாங்கள் போட்டோம்.
கறுப்பை நாங்கள் போடவில்லை.
பொடிப்பொடியாய், கொத்துக்கொத்தாய்
அது முன்பே அங்கே இருந்தது.

காலடிப்பேட்டை மாடியில்
கொடிக்கயிற்றைத் துடைக்காமல் துணி போட்டால்
வெள்ளைச் சட்டை முதுகில்
இதே கறுப்பு ஒரு கோடாக விழும்.
தினமும் துடைக்கிறேன்.
கயிற்றைத்தான்.

மூன்றரைக்கு கவுண்டரில் ஒரு பையன்,
தோளில் உணவு டெலிவரிப் பை.
"அக்கா, தேசப்பன் ரிப்போர்ட்டு?"
"வெள்ளிக்கிழமை."
"எதுனா தெரியுமாக்கா?"

கீழே வரிசை மறுபடி நகரத் தொடங்கியது.
கண்ணாடித் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.
ரசீதில் அவன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.
பென்சிலில் எழுதிவிட்டேனாம்.
"அழிஞ்சிடப் போவுதுக்கா," என்றான்.