பந்தி இரண்டு

எந்த வழக்கும்
இந்த வரியைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்:
"வழக்காளி இந்நீதிமன்றின்
நியாயாதிக்க எல்லைக்குள் வதிகிறார்."
ஹட்டனில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
பத்தொன்பது வருடமாக அடிக்கிறேன்.
விரல் பார்க்காமலே அடிக்கும்.
யோகமலர் வந்த அன்று
"வதிகிறார்" என்ற இடத்தில் நின்றுவிட்டது.

குடை சொட்டச் சொட்ட உட்கார்ந்தாள்.
பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை,
கடைசிப் பையில் விவாகச் சான்றிதழ்.
பதிந்தது நானுஓயாவில்.
சேர்ந்திருந்தது வத்தளையில், ஓர் அறையில், நாலு வருடம்.
அவன் சாவகச்சேரிக்காரன், மரக்கறி லொறி.
இப்போது கிளிநொச்சியில், வேறு யாரோடோ.
காணியும் அங்கேதான். கால் ஏக்கர்.
குவைத்தில் இவள் கழுவிய தட்டுகளின் விலை,
உறுதி மட்டும் இரண்டு பேரிலும்.

"ஒரே ஆளோடதான் சண்டைங்க அக்கா.
எத்தன கோடு ஏறணும்?"

விவாகரத்து, நீ இருக்கும் இடத்து மாவட்டக் கோடு.
பிள்ளைச் செலவு நீதவானிடம்,
அதையும் இங்கேயே போடலாம்.
காணி வராது.
மண் பஸ் ஏறாது, அது கிடக்கும் ஊருக்கு
நாம்தான் போகவேண்டும்.

"பத்து மாசம் சொமந்த புள்ள என்னோட வருது.
காசு குடுத்து வாங்கின மண்ணு வராதாமா?"

இன்னொன்றும் சொன்னார் லோயர்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி:
வடக்கு ஆளைக் கட்டினால்
அவனுடைய தேசவழமையும் கூடவே வரும்.
விற்பதற்கு அவன் கையெழுத்து வேண்டியிருக்கும்.
சேர்ந்து வாழ்ந்த காலத்தில் வாங்கியது தேடிய தேட்டம்,
ஆளுக்குப் பாதி.
ஆனால், வத்தளையில் குடியிருந்தவன்
இன்னும் வடக்கு ஆள்தானா என்பதையே
ஒரு தனி வழக்காகப் பேசலாம்.
அதைச் சொல்லும்போது அவர் முகத்தில்
எனக்குப் பிடிக்காத ஒரு சந்தோஷம்.

"தேடினது நான் ஒருத்தி," என்றாள்.
"தாலி கட்டுறப்ப ஐயரு இதெல்லாம் ஓதலியே."

விலாசம்?
"கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம், நாலாவது காம்பரா."
யார் பேரில்?
"அண்ணன் பேருல. இல்லீங்க, கம்பனி பேருல.
அண்ணன் பேரு செக்ரோல்லதான் இருக்கு."
தோட்டத்துக் கந்தோருக்கு எழுதினோம்.
மூன்று வாரம் கழித்து ஒற்றை வரி:
மேற்படி நபர் எமது பதிவில் இல்லை.

எதிர்த்தரப்பு அந்தக் கடிதத்தைத்
தூக்கிப் பிடித்தது. வதியவில்லையாம்.
பிறந்த காம்பராவில்,
அம்மா செத்த காம்பராவில்,
மழை ஒழுகும் மூலைக்கு ஏற்றாற்போல்
பாயை நகர்த்திப் போடத் தெரிந்த காம்பராவில்
அவள் வதியவில்லை.

கடைசியில் பள்ளிக்கூட இடாப்பு வந்தது.
மூன்றாம் தரம், மகள் ஹரிணிகாவின் பெயருக்கு நேரே
சிவப்பு மையில் சாய்கோடுகள்.
வந்த நாளுக்கு ஒரு கோடு.
தவணைக்கொரு முறை
தேர்ச்சி அறிக்கையில் இவள் கையெழுத்து,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.
நீதவான் விரல் வைத்து எண்ணினார்.
இடையில் ஒரு தடவை மறந்துபோய்
முதலிலிருந்து எண்ணினார்.
லயமும் கோடு, கோர்ட்டும் கோடு.
பிள்ளைச் செலவு கிடைத்தது
அந்தப் பள்ளிக்கூடத்துக் கோடுகளால்.

படி இறங்கும்போது கேட்டாள்:
"வதிகிறார்னா என்னங்க அக்கா?"
இருக்கிறார் என்று அர்த்தம்.
"அப்ப இருக்கிறான்னே அடிக்கலாமே."

இன்று கிளிநொச்சிக்கான பத்திரம் அடிக்கிறேன்.
பந்தி இரண்டு:
வழக்குக்குரிய காணி
இந்நீதிமன்றின் எல்லைக்குள் அமைந்துள்ளது.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே வாய்க்கால்,
மற்ற இரண்டு பக்கமும்
பெயர் தெரியாத யாருடையவோ வேலி.
சரியா என்று வாசித்துக் காட்டினேன்.

"தெரியலீங்க," என்றாள்.
"நான் இன்னும் பாத்ததில்ல."